வெப் டெவலப்பர் ஆவதற்குக் கல்லூரியா, சுயமாகக் கற்பதா?

இணையதளங்களை உருவாக்கும் வெப் டெவலப்பர் வேலைக்குப் பட்டப்படிப்பு வேண்டுமா, வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டால் போதுமா என்ற கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் கேட்பவரின் இப்போதைய நிலைதான் தீர்மானிக்கிறது. பிளஸ் டூ முடித்த மாணவர், பி.காம். படித்துவிட்டுக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர், குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு மீண்டும் வர நினைக்கும் பெண் ஆகிய மூவருக்கும் கையில் உள்ள காலமும் பணமும் வேறு. ஆனால் மூவருமே எங்கும் கட்டணம் கட்டுவதற்கு முன்பாக, ஓர் ஆறு வாரம் மாலை நேரங்களில் தம்மைத் தாமே சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சோதனைக்கு நம் ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்ளலாம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடைக்காக வலைப்பக்கம் ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, பிச்சி, சம்பங்கி ஆகியவற்றின் அன்றைய விலை, எத்தனை கிலோ என்று குறிக்க ஒரு பெட்டி, சுமைக்கூலிக்கு இன்னொரு பெட்டி, கீழே மொத்தத் தொகை, இவ்வளவு போதும். பக்கத்தின் அமைப்புக்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ்., இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றின் அடிப்படையையும் எம்.டி.என். தளத்திலும் ஃப்ரீகோட்கேம்ப் தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம். கிலோ 400 ரூபாய் வீதம் 3 கிலோவுக்கு 1200 என்று உங்கள் பக்கம் சரியாகவே காட்டும். ஆனால் சுமைக்கூலி 50 ரூபாயைக் கூட்டியதும், 1250 வரவேண்டிய இடத்தில் 120050 என்று வந்து நிற்கக்கூடும். பெட்டியில் தட்டச்சு செய்த எதையும் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக அல்லாமல் எழுத்துக்கோவையாகவே, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகவே பெறுகிறது. பெருக்கும்போது அதைத் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும் அந்த மொழி, கூட்டல் குறியைக் கண்டால் மட்டும் ஒன்றோடு ஒன்றை ஒட்டிவிடுகிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எண்ணாக மாற்றிவிட்டால் தவறு தீரும்.

இந்தப் பிழை உங்கள் முன் நிற்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து ஒவ்வொரு மதிப்பும் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்து, இரண்டு மணி நேரம் ஆனாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்தீர்கள் என்றால், சுயமாகக் கற்கும் வழி உங்களுக்கு ஒத்துவரும். யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் நகர முடிகிறது என்றால் அதில் குறைவு ஒன்றுமில்லை. பாடத்திட்டமும் ஆசிரியரும் தேர்வுத் தேதியும் உள்ள இடம் உங்களுக்குத் தேவை என்பதுதான் அதன் பொருள்.

பட்டத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பிளஸ் டூ முடித்தவரிடம் நான் அப்படிச் சொல்லமாட்டேன். பெரிய நிறுவனங்கள் பல, ஃபிரெஷர்களைக் கேம்பஸ் இன்டர்வியூ வழியாக எடுக்கும்போது 60 சதவீத மதிப்பெண், நிலுவையில் அரியர் இல்லாமை போன்ற நிபந்தனைகளை முதலிலேயே வைக்கின்றன. அந்த வாசலில் திறமையைக் காட்டும் வாய்ப்பே பட்டம் உள்ளவருக்குத்தான் கிடைக்கிறது. பிற்காலத்தில் வெளிநாட்டு வேலைக்கான விசா கேட்கும்போதும் பட்டம் இல்லாதது குறுக்கே நிற்கக்கூடும். (விசேஷ வீடுகளில் உறவினர் கேட்கும் கேள்வியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், நெட்வொர்க் ஆகியவற்றைத் தனியாகப் படிப்பவர் பெரும்பாலும் தள்ளிப்போடுவார், கல்லூரியில் தேர்வுக்காகவாவது படித்துத்தான் ஆகவேண்டும்.

அதற்காகப் பெரும் தொகையைக் கல்விக்கடனாக வாங்கி பி.இ.தான் படிக்கவேண்டும் என்பதில்லை. வெப் டெவலப்பர் வேலைக்கு மூன்றாண்டு பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கணினி அறிவியல் போதுமான அடித்தளம். மதுரையில் அரசு உதவி பெறும் பழைய கலைக் கல்லூரிகள் இருப்பதால் ஊரை விட்டுப் போகவும் தேவையில்லை. கல்லூரியில் இருப்பவர்கள் 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளையும் விடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நேரில் கல்லூரிக்குப் போக இயலாதவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பு இருக்கிறது. அதன் டிப்ளமோ நிலையில் வலைச் செயலி உருவாக்கமே ஒரு பாடம். பாடங்கள் இணையத்தில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்று எழுதவேண்டும்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு பட்டம் வைத்திருப்பவர் இதற்காக இன்னொரு பட்டம் படிக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவருக்கு வேண்டியது ஓராண்டு ஒழுங்கான உழைப்பு. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் நன்றாகப் பழகியபின், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், சர்வரில் இயங்கும் நிரலுக்கான ஒரு மொழி, டேட்டாபேஸைக் கையாளும் எஸ்.க்யூ.எல். என்று வரிசையாகப் போகலாம். வரிசையைத் தாமே வகுக்கத் தெரியாதவருக்கு ஓடின் பிராஜெக்ட் தளம் இலவசமாக வகுத்துத் தருகிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுவதுண்டு. இதில் தேவைப்படுவது பேச்சு ஆங்கிலத்தைவிட, பிழைச்செய்தியையும் கையேட்டையும் நிதானமாக வாசிக்கும் பழக்கம்தான், அது சில மாதங்களில் படிந்துவிடும். வீட்டில் இடமோ அமைதியோ இல்லையென்றால், 2023 ஜூலையில் மதுரை நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

மிஞ்சியிருப்பது, 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று சுவரொட்டி ஒட்டும் குறுகிய காலப் பயிற்சி நிலையங்கள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். முதலில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே படித்துச் சென்றவர்களில் இருவரை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். நிலையத்தார் கைகாட்டும் ஆட்கள் வேண்டாம். மாணவர்கள் செய்த பிராஜெக்ட்களைக் காட்டச் சொல்லி அவற்றை உங்கள் செல்போனில் திறந்து பாருங்கள். பத்துப் பேருடையதும் நிறம் மட்டும் மாறிய ஒரே பக்கமாக இருந்தால், அந்த நிலையம் வேண்டாம் என்று திரும்பிவிடலாம். பாதியில் நின்றால் பணம் திரும்புமா, உத்தரவாதம் என்பதன் நிபந்தனைகள் என்ன என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ரசீதுக்குக் கை நீட்டுங்கள்.