ஏற்காட்டுக்கு குடும்பத்தோட வர்றீங்களா? மொதல்ல கூரைய பாருங்க, வியூ அப்புறம்

கத்திரி வெயில் ஆரம்பிச்சா போதும், சென்னை பெங்களூர்ல இருக்கற சொந்தக்காரங்க போன் வரிசையா வரும். "சேலத்துலதான இருக்க, ஏற்காட்டுல ஒரு நல்ல காட்டேஜா பாத்து சொல்லேன், தாத்தா பாட்டியில இருந்து கைக்கொழந்த வரைக்கும் எல்லாரும் வர்றோம்"னு. சொல்லுவேன். கேட்டுக்குவாங்க, ஆனா செய்ய மாட்டாங்க, நாங்க அந்தக் காலத்துல பண்ண கூத்தையே வரி மாறாம பண்ணிட்டு போவாங்க. தொப்பி எடுத்துக்கோங்க, தண்ணி பாட்டில் மறக்காதீங்கங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன், எல்லாரும் பண்ற தப்புங்கள மட்டும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

ஏற்காடு ஒண்ணும் ஃப்ரிட்ஜ் இல்ல

ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர் ஒசரம், சேலம் டவுன் 300 மீட்டருக்கு கொஞ்சம் கம்மி. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு ஆறரை டிகிரி கொறையும்னு வச்சுக்கிட்டா, கீழ 41 அடிக்கற அன்னிக்கு மேல 33 இருக்கும், அதுவும் நிழல்ல. மலை மேல காத்து லேசா ஜில்லுன்னு இருக்கறதால வெயில் ஒறைக்காது, ஆனா ஒசரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் அதிகம்தான், சாயங்காலம் கண்ணாடிய பாத்தா மூக்கு செவந்திருக்கும். அதனால லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாத்தையும் காலைல ஒம்பது மணிக்குள்ள பாத்துடுங்க, மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் பெருசுங்களையும் சின்னதுங்களையும் வெளிய இழுக்காதீங்க. சாயங்காலம் போலாம்னு விட்டா மே மாசத்துல பல நாள் இடி மழை வந்து கெடுத்துடும். கிளியூர் அருவிக்கு கோடையில போறது பாறைய பாக்கத்தான், இறங்கி ஏறுறதுக்குள்ள நாக்கு தள்ளிரும்.

போட்டோவ பாத்து கேபின் புக் பண்றது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத விஷயம் இதுதான். இப்ப மரக் கேபின், முக்கோண வீடு, கண்ணாடிச் சுவர் வீடுன்னு எங்க பாத்தாலும் மொளச்சு கெடக்கு. போட்டோல பள்ளத்தாக்கு, மஞ்ச சீரியல் லைட்டு, ஒரு ஊஞ்சல். எங்க சித்தப்பா பையன் அப்படித்தான் ஒண்ண புடிச்சான், முழு பணத்தையும் கட்டிட்டு அப்புறமா எனக்கு போட்டோ அனுப்பி "எப்படிண்ணே இருக்கு"ன்னான். கூரை என்னடான்னு கேட்டேன். "கூரைய யாருண்ணே பாக்கறா, வியூவ பாருங்க."

தகர ஷீட்டு. உள்பக்கம் பலகை அடிச்சு வார்னிஷ் பூசியிருந்ததால போட்டோல தெரியல. தகரம் மெல்லிசு, வெயில் பட்ட கொஞ்ச நேரத்துலயே சூட்ட உள்ள இறக்கிடும், சூடான காத்து வேற மேலதான் போய் நிக்கும், அதனால ஏணி வச்சு ஏறிப் படுக்கற அந்த மேல்தட்டுல மத்தியானம் தூங்குன கொழந்தைங்களுக்கு தலகாணியெல்லாம் ஈரம். மேற்க பாத்த பெரிய கண்ணாடி, அதுக்கு ஸ்க்ரீன் கெடையாது, ஏன்னா வியூ மறைஞ்சிடுமாம். ஃபேனும் இல்ல, கேட்டா "ஹில் ஸ்டேஷன் சார், ஃபேன் எதுக்கு"ன்னு பதில் வருது. ராத்திரி ஆனா அதே தகரம் விறுவிறுன்னு ஆறிடும், பகல் பூரா விசிறிக்கிட்டு கெடந்த தாத்தா விடியக்கால ரெண்டு மணிக்கு போர்வை கேட்டாரு.

இதவிட படிக்கட்டுதான் மோசம். "ரோட்டுல இருந்து கொஞ்சம் படி இறங்கணும், அவ்ளோதான்"னு சொல்லியிருக்காங்க. எங்க பெரியம்மா முட்டி வலிக்காரங்க, ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே இறங்குனாங்க, 46 படி, கைப்பிடி இல்ல, ஒரு கல்லு ஒசரம் இன்னொண்ணுக்கு சேரல. அப்படி இறங்குனவங்க ஊருக்கு கெளம்பறப்பதான் திரும்ப மேல ஏறுனாங்க. கோடை விழா நடக்குது, அண்ணா பூங்காவுல மலர் காட்சி, பெரியம்மாவுக்கு பூன்னா உசுரு, அவங்க வராண்டாவுல ஒக்காந்துக்கிட்டு "நான் இங்கயே இருக்கேன் கண்ணு, நீங்க போய்ட்டு வாங்க"ங்கறாங்க. வேற வீடு மாத்தலாம்னா கட்டுன பணம் திரும்ப வராதுன்னு கறாரா சொல்லிட்டாங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு கூரை தகரமா, ஓடா, காங்கிரீட்டான்னு கேளுங்க. வண்டி நிக்கற எடத்துல இருந்து பெட்ரூம் வரைக்கும் எத்தன படின்னு நம்பர்ல கேளுங்க, "கொஞ்சம்"னா மறுபடி கேளுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. பன்னெண்டு பேர் வர்றோம்னு சொல்லி தண்ணி எப்படின்னு கேளுங்க, கோடையில பல எடத்துல லாரித் தண்ணிய நம்பித்தான் ஓடுது. வெஸ்டர்ன் டாய்லெட், இன்வெர்ட்டர் ரெண்டும் வேணும், ஒரு இடி மழையில மரக்கெள லைன் மேல விழுந்தா கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.

என் கணக்குல, மலை விளிம்புல நிக்கற வீட்டவிட எஸ்டேட்டுக்குள்ள இருக்கற பழைய ஓட்டு வீடுதான் பெஸ்ட். 1820கள்ல காக்பர்ன்னு சேலம் கலெக்டர் இங்க காபிய கொண்டு வந்ததுல இருந்து இது காபி மலை, காபிச் செடிக்கு சுள்ளுன்னு வெயில் ஆகாதுன்னுதான் சில்வர் ஓக் நட்டு அதுல மிளகுக் கொடிய ஏத்தி விட்டிருக்காங்க. செடிக்கு வேணுங்கற அதே நிழல்தான் உங்க தாத்தாவுக்கும் வேணும். வியூ இருக்காது, சுத்தி மரம்தான் தெரியும். இருக்கட்டுமே, வியூவ வண்டில போய் பாத்துட்டு வாங்க.

கிச்சன் இருக்குன்னு குஷியாகறது

யாருக்கு குஷி? வீட்டுல நின்ன அதே பொம்பளைங்க இங்கயும் வந்து காத்தே வராத கிச்சன்ல பன்னெண்டு பேருக்கு தோச ஊத்திக்கிட்டு நிப்பாங்க, ஆம்பளைங்க வெளிய ஒக்காந்து "என்னா காத்து"ம்பாங்க. சமைக்க ஆள் இருக்கற எடமா பாருங்க, இல்லன்னா மூணு வேளையும் வெளிய வாங்குங்க. பால் காய்ச்ச ஒரு அடுப்பு போதும், கொழந்தைங்களுக்கு சேலத்துலயே தட்டுவடையும் நாலு மாம்பழமும் வாங்கிக்கோங்க.

காலைல பத்து மணிக்கு கெளம்பறது

ஆறரைக்குள்ள அடிவாரம் தாண்டுங்க.

மாத்திரைய டிக்கில போடறது

இன்சுலின் போடறவங்க இருந்தா அத நிறுத்தி வச்ச கார்ல விட்டுட்டு போகாதீங்க, சூட்டுல வீணாயிடும், ஐஸ் மேல நேரா வச்சு ஒறைய விட்டாலும் வீண்தான். வயசானவங்களுக்கு தாகமே சரியா தெரியாது, "வேணாம்பா"ன்னுதான் சொல்லுவாங்க, பாத்ரூம் போகணுமேன்னு வேற பயப்படுவாங்க, நீங்கதான் மணிக்கொரு தடவ கைல டம்ளர குடுக்கணும். பிரஷருக்கு நீர் பிரியற மாத்திர சாப்பிடறவங்க, இதய நோய் இருக்கறவங்க வெயில் நாள்ல எவ்ளோ தண்ணி குடிக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டே வாங்க. ஓஆர்எஸ் ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி, கொழந்தைக்குன்னு டம்ளர்ல அரைகொறையா கலக்காதீங்க. ஒடம்பு கொதிச்சு, பேச்சு கொழறி, யாரு என்னன்னு தெரியாம முழிச்சாங்கன்னா அசதின்னு நெனச்சு படுக்க வைக்காதீங்க, 108க்கு போட்டுட்டு ஈரத் துணியால ஒடம்ப தொடச்சுக்கிட்டே இருங்க. பெரிய ஆஸ்பத்திரி கீழ சேலத்துலதான், 30 கிலோமீட்டர்.

குரங்குக்கு பிஸ்கட்

வேணவே வேணாம். மாம்பழப் பைய மடியில வச்சுக்கிட்டு ஜன்னல தொறக்கவும் வேணாம்.

இறங்கறப்ப நியூட்ரல்

டீசல் மிச்சம் புடிக்கறேன்னு 20 கொண்டை ஊசி வளைவுலயும் நியூட்ரல்ல விட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றாங்க, அதுவும் பதிமூணு சீட் வேன்ல ஆள ஃபுல்லா ஏத்திக்கிட்டு. ஏறுன கியர்லயே இறங்குங்க. கருகுன வாசன வந்தா ஓரங்கட்டி நிறுத்தி ஆற விடுங்க, சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி, நீங்கதான் நிக்கணும்.