ஒன்பது வரிதானே என்று சேர்க்காதீர்கள்: ஆய்வேட்டைப் புத்தகமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி, பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றிலிருந்து வரப்போகும் தன் முதல் புத்தகத்தின் இரண்டாம் மெய்ப்போடு (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் பிரதி) வீட்டுக்கு வந்தார். 63ஆம் பக்க ஓரத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. பென்சிலில் ஒன்பது வரி. "நேத்துதான் இந்தத் தகவல் கிடைச்சுது அக்கா. ஒன்பது வரிதானே, சேர்த்துடலாம்ல?" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு தாளை ஒட்டினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பற்றிச் சொல்லப்போவதில்லை. அவை மெய்ப்பு பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும்.

ஆய்வேட்டை அப்படியே அனுப்புவது

ஆய்வேடு உங்களை மதிப்பிடும் இரண்டு மூன்று பேருக்காக எழுதப்பட்டது. நாமும் எல்லாவற்றையும் படித்திருக்கிறோம் என்று அங்கே காட்ட வேண்டியிருந்தது. புத்தகம் வாங்குகிறவருக்கு அது தேவையில்லை. பதிப்பகம் பிரதியைப் பெரும்பாலும் இரண்டு துறை வல்லுநர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். அதற்குப் பிறகும் பதிப்பாசிரியர் தனியாக முடிவெடுத்துவிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் 'டெலிகேட்ஸ்' என்ற பேராசிரியர் குழு ஒப்புதல் தர வேண்டும்; மற்ற பல இடங்களிலும் அப்படி ஒரு குழு உண்டு. இத்தனை பேர் மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கிப் படிக்கும்போது 'முன்னாய்வுகள்' இயலிலேயே அவர்களைச் சோர வைக்காதீர்கள். என் மதிப்பீட்டாளர்கள் இருவருமே அந்த இயலை எடுத்துவிடச் சொன்னார்கள். அறுபது பக்கம் முன்னுரையில் நான்கு பக்கமாகச் சுருங்கியது. அதன் பிறகுதான் புத்தகத்துக்கு மூச்சு வந்தது.

ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவது

வேண்டாம். இரண்டு பதிப்பகமும் ஒரே மதிப்பீட்டாளருக்கு அனுப்பிவைக்கக்கூடும்.

மெய்ப்பில் புதிதாக எழுதுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

என் புத்தகம் சோழர் காலத்து ஏரிப் பராமரிப்பு பற்றியது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) வரும், ஏரியைக் கவனித்துக்கொண்ட ஊர்க் குழுவான ஏரி வாரியம்தான் அதன் மையம். புத்தகக் கடைசியில் வரும் சொல்லடைவில் அதற்கு மட்டும் பத்துக்கு மேல் பக்க எண்கள். முதல் மெய்ப்பு வந்ததுமே ஆர்வத்தில் உட்கார்ந்து சொல்லடைவு முழுவதையும் முடித்துவிட்டேன். அதுவே தவறு. அடுத்த மெய்ப்பில் 87ஆம் பக்கத்தில் பதினொரு வரி சேர்த்தேன்.

பக்கத்துக்கு முப்பத்து மூன்று வரி. பதினொரு வரி என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்த இயலில் 87க்கு அப்புறம் வரும் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பதினொரு வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அதாவது சொல்லடைவில் சில எண்கள் மாறும், சில மாறாது. எது மாறியது என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பார்த்தேன், திருத்தினேன். இயல் முடிந்ததும் நிம்மதியாக மூடி வைத்தேன்.

அந்த இயல் 118ஆம் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் நிறைந்திருந்தது. சேர்த்த வரிகள் 119க்கு வழிந்தன. எங்கள் பதிப்பகத்தில் ஒவ்வொரு இயலும் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண்ணில்தான் தொடங்க வேண்டும். 119இல் தொடங்க வேண்டிய நான்காம் இயல் 121க்குப் போனது. அங்கிருந்து புத்தகத்தின் கடைசி வரைக்கும் எல்லாமே இரண்டு பக்கம் தள்ளிப்போயின. நான் கவனிக்கவே இல்லை. 'காண்க: பக். 203' என்று உள்ளே எழுதியிருந்தவையும் தவறின.

அதோடு நிற்கவில்லை. அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். 400 பக்கம், கச்சிதமாக 25 பாரம். அது 402 ஆனதும் இன்னும் அரை பாரம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆறு பக்கம் வெற்றுத்தாள். மெய்ப்பில் ஆசிரியர் செய்யும் மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் செலவு அவருடையது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். என் ஒப்பந்தத்திலும் இருந்தது.

புத்தகம் வந்து மூன்றாவது வாரம் ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏரி வாரியம் 131னு போட்டிருக்கீங்க. 131இல நந்தவனம் பத்தித்தானே இருக்கு?" 133ஐத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் எரிச்சலாக வருகிறது. சொல்லடைவை நம்பித் தேடுகிறவர்தான் உண்மையில் அந்தப் புத்தகத்தைப் பயன்படுத்துகிறவர். அவரை நான் வழிதவற விட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? ஒன்பது வரி சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அதே பக்கத்தில், முடியாவிட்டால் எதிர்ப்பக்கத்துக்குள், ஒன்பது வரி எடுங்கள். அடிக்குறிப்பில் போட்டாலும் இடம் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். முன்னுரையில் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. முன்பக்கங்களுக்குத் தனியாக ரோமன் எண் போடுவதில் உள்ள வசதியே அதுதான். அங்கே ஒரு பக்கம் கூடினாலும் உள்ளே எதுவும் நகராது. சொல்லடைவுக்கான சொற்களை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண்களைப் பக்கங்கள் உறுதியான பிறகுதான் போட வேண்டும்.

அந்த மாணவி 62, 63ஆம் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். ஏற்கெனவே சுருக்கிச் சொல்லியிருந்த ஒரு மேற்கோளை அடித்தார். ஒன்பதரை வரி கிடைத்தது.

வாட்ஸாப்பில் வந்த படம்

அச்சில் கல்வெட்டு எழுத்தே தெரியாது. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவுள்ள மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கூடவே அனுமதிக் கடிதத்தையும்.

இரண்டு வாரத்தில் ஐஎஸ்பிஎன்னோடு புத்தகம்

இப்படி விளம்பரம் செய்கிறவர்கள் பணம் கேட்பார்கள். பிரதியைப் படிக்க மாட்டார்கள்.

பழைய மேற்கோள் முறை

பதிப்பகத்தின் நடையேட்டை (மேற்கோள், நூல் விவரம் போன்றவற்றுக்கான விதிகள் உள்ள கையேடு) முதலிலேயே கேட்டு வாங்குங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1906 முதல் வந்துகொண்டிருக்கும் சிகாகோ கையேடு 2024இல் வந்த 18ஆம் பதிப்பில், நூல் விவரத்தில் வெளியீட்டு ஊர் பெரும்பாலும் தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

கணினியின் அகரவரிசை

யூனிகோடு குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தும் மென்பொருளில் ன, ந-வுக்கு அடுத்து வந்து நிற்கும். நம் வரிசையில் அது கடைசி மெய். அதனால் 'மரம்' முன்னால் வர வேண்டிய இடத்தில் 'மனம்' வந்துவிடும். கிரந்த எழுத்துகளும் இடம் மாறும். சொல்லடைவை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காதுக்கே தெரியும்.