பத்தாண்டின் சிறந்த ஐவர்: கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் பற்றி வாதிடும் முறை

சென்னையில் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரி எதுவானாலும், பழைய மாணவர்கள் கூடி ஆடும் நாளில் சட்டையின் வியர்வை காய்வதற்குள் அந்த வாக்குவாதம் தொடங்கிவிடும்: கடந்த பத்தாண்டில் நம் அணிக்கு ஆடியவர்களில் சிறந்தவர்கள் யார்? எங்கள் கல்லூரியிலும் அப்படித்தான். வாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் நின்றபடியே இரண்டு மணி நேரம் பேசுவோம். யாருடைய குரல் பெரிதோ அவருடைய பேட்ச்சிலிருந்து மூன்று பேர் பட்டியலில் ஏறுவார்கள். யாருக்கும் மனம் நிறையாமல் கலைவோம். ஒரு முறை, இதை ஒழுங்காகச் செய்து பார்ப்போம் என்று எட்டுப் பேர் நாள் குறித்து உட்கார்ந்தோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த அனுபவத்தை வைத்து, இதே வேலையில் இறங்க நினைக்கும் மற்ற கல்லூரி அணியினருக்காக இதை எழுதுகிறேன்.

பெயர்களைப் பேசத் தொடங்கும் முன் கேள்வியை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘சிறந்த ஆட்டக்காரர்’ என்று சொல்லும்போது ஒருவர் திறமையை நினைக்கிறார், இன்னொருவர் கோப்பையை நினைக்கிறார், மற்றொருவர் தான் நேரில் பார்த்த ஒரே ஓர் இரவை நினைக்கிறார். இதற்கு அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழக அணியைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2018ஆம் ஆண்டு தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அந்த அணி மிச்சிகனை 79-62 என்று வென்றபோது, மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த டான்டே டிவின்சென்ஸோ 31 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த கல்லூரி வீரராகத் தேர்வான ஜேலன் பிரன்சனும் அதே அணியில்தான் ஆடினார். அன்றைக்கு அவருடைய கணக்கில் 9 புள்ளிகளே இருந்தன. ‘ஓர் இரவின் சிறந்த ஆட்டம்’ என்பது கேள்வியானால் டிவின்சென்ஸோ. ‘பத்தாண்டில் அணியைத் தாங்கியவர்’ என்பது கேள்வியானால் பிரன்சன். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம், ஆனால் ஒரே பட்டியலுக்குள் இரண்டையும் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இது: தோற்றுப்போகக்கூடிய ஆட்டங்களில் எந்த ஐவரைக் களத்தில் இறக்கினால் நம் அணிக்கு அதிக நம்பிக்கை இருந்திருக்கும்? ஐவரும் சேர்ந்து ஆடக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்பதால், ஐந்து பாயிண்ட் கார்டுகளை (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்களை) வரிசையாக எழுதிவிட்டு எழுந்துபோக முடியாது.

பத்தாண்டு என்பதையும் வரையறுத்துவிடுங்கள். நாள்காட்டி ஆண்டைக் கணக்கில் எடுத்தால் ஒரே சீசன் இரண்டாகப் பிளந்துவிடும். ஜூனில் தொடங்கும் கல்வியாண்டே சரியான அளவு.

அடுத்தது ஸ்கோர் ஷீட். உடற்கல்வி இயக்குநரின் அறையில், கிழிந்த வலைகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் பின்னால் ஓர் அலமாரி இருக்கும்; அதன் கீழ்த் தட்டில் கோப்புகள் இருக்கும். அவரிடம் முறையாக அனுமதி கேட்டு, அவர் இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள். சர்வதேச விதிப்படி ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டுக்கு ஒரு மூலமும் மூன்று நகல்களும் உண்டு. அவற்றில் இளஞ்சிவப்பு நகல் வென்ற அணிக்கும் மஞ்சள் நகல் தோற்ற அணிக்கும் போகும். முறையாக நடந்த போட்டிகளின் கோப்பைத் திறந்தவுடன் தாளின் நிறத்தைப் பார்த்தே அந்த சீசன் எப்படிப் போயிற்று என்று தெரிந்துவிடும். எங்கள் கோப்பில் அடுத்தடுத்து ஏழு மஞ்சள் தாள்கள் வந்த இடத்தில் எட்டுப் பேரும் சிறிது நேரம் பேசவில்லை. சிறிய போட்டிகளில் ஒரே வெள்ளைத் தாளின் ஜெராக்ஸ்தான் கிடைக்கும், அதுவும் போதும்.

அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வீரர் பட்டியலில் பெருக்கல் குறியைச் சுற்றி வட்டம் இருந்தால் அவர் தொடக்க ஐவரில் ஒருவர். வட்டமில்லாமல் குறி மட்டும் இருந்தால் மாற்றாக வந்தவர். ஓடும் ஸ்கோர் பகுதியில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எடுத்தவரின் சட்டை எண் இருக்கும். அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டிருந்தால் அது மூன்று புள்ளி, அதாவது தொலைவில் உள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட கூடை. புள்ளியின் மேல் சாய்கோடு இருந்தால் களத்திலிருந்து போட்ட கூடை, நிரப்பிய சிறு வட்டம் இருந்தால் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு. முதல், மூன்றாம் கால் பகுதிகளைச் சிவப்பு மையிலும், இரண்டாம், நான்காம் கால் பகுதிகளை நீலத்திலோ கறுப்பிலோ எழுதுவார்கள். ஆக, ஒருவர் மொத்தம் எத்தனை எடுத்தார் என்பது மட்டுமல்ல, எந்தக் கால் பகுதியில், இரு அணிகளும் எந்த நிலையில் இருந்தபோது எடுத்தார் என்பதையும் பல ஆண்டுகள் கழித்து அப்படியே மீட்டெடுக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பத்தாண்டில் ஏழாம் எண் சட்டையை நாலைந்து பேர் அணிந்திருப்பார்கள். எண்ணை வைத்துக் கூட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு தாளிலும் மேலே உள்ள பெயரோடு ஒப்பிட்ட பிறகே கணக்கில் ஏற்றுங்கள்.

எல்லா ஆட்டங்களையும் கூட்டாதீர்கள். முதல் சுற்றில் அவசரத்துக்குச் சேர்த்த ஓர் அணியோடு எடுத்த 30 புள்ளிகளும், அரையிறுதியில் எடுத்த 11 புள்ளிகளும் கூட்டலில் கலந்துவிட்டால் உண்மை மறைந்துபோகும். நாங்கள் காலிறுதியும் அதற்கு மேற்பட்டதுமான ஆட்டங்களை மட்டும் பிரித்து, அவற்றிலும் நான்காம் கால் பகுதி தொடங்கும்போது வித்தியாசம் பத்துக்குள் இருந்தவற்றைத் தனியே வைத்தோம். குவியல் மிகவும் சிறியதாகிவிட்டது. ஆனால் அதில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் யாருடைய முதல் பட்டியலிலும் இல்லாத பெயர். அவர் மாற்றாக உள்ளே வந்து, பெரும்பாலும் ஃப்ரீ த்ரோக்களிலேயே புள்ளி சேர்த்தவர். கைதட்டல் வாங்கும் ஆட்டம் அல்ல அவருடையது. அவரோடு மூன்று ஆண்டுகள் ஆடிய நானே அதைக் கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆண்டுக் கணக்கு அடுத்த சிக்கல். இளங்கலை மட்டும் படித்தவர் மூன்று சீசன் ஆடியிருப்பார். அதே கல்லூரியில் முதுகலையும் சேர்ந்தவர் ஐந்து ஆடியிருப்பார். 2018இல் சேர்ந்தவர்களுக்கோ, 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டதால் இரண்டு சீசன்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. மொத்தப் புள்ளியை வைத்து இவர்களை ஒப்பிடுவது அநியாயம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பீட் மராவிச் 3,667 புள்ளிகளை 83 ஆட்டங்களில், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில் எடுத்தார். 2023இல் அன்டோயின் டேவிஸ் அந்த எண்ணுக்கு மூன்று புள்ளிகள் குறைவாக, 3,664இல் நின்றார். அவருக்கு ஐந்து சீசன்களும் 144 ஆட்டங்களும் கிடைத்திருந்தன. தாளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆட்டத்தில் அப்படி இல்லை. ஆகவே ஆட்டத்துக்கு எத்தனை என்ற சராசரியையே பாருங்கள். அதே வேளையில், ஐந்து ஆண்டுகள் அணியோடு இருந்து இளையவர்களைத் தயார்செய்தவரின் பங்கைச் சராசரி காட்டாது என்பதையும் மறக்கக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்துக்காக அளிக்கப்பட்ட கூடுதல் ஆண்டைப் பயன்படுத்தி, முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வில்லனோவாவுக்கு ஐந்தாவது சீசனும் ஆடி, 2022இல் அணியைத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் கொண்டுசென்ற காலின் கில்லெஸ்பியை எந்தச் சராசரியில் அடக்குவது?

ஸ்கோர் ஷீட்டில் ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது) இல்லை, அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்த பாஸ்) இல்லை, டிஃபென்ஸ் இல்லவே இல்லை. எத்தனை முறை எறிந்து தவறவிட்டார் என்பதும் இல்லை. இந்த இடத்தில்தான் மனிதர்களிடம் போக வேண்டும், ஆனால் யாரிடம் போகிறோம் என்பது முக்கியம். சொந்த அணிக்காரர்களைவிட எதிரணிக்காரர்களின் சொல் எடை கூடியது. நம்மோடு அடிக்கடி மோதிய கல்லூரிகளின் பழைய வீரர்களைத் தொலைபேசியில் அழைத்து, “எங்கள் அணியில் சிறந்தவர் யார்?” என்று கேட்காமல், “எங்களோடு ஆடும் நாளில் எங்களில் யாரைத் தடுத்தாக வேண்டும் என்று உங்கள் கோச் பேசினார்?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்காக ஒரு பெயர் வரும்; இரண்டாவதற்கு நினைவிலிருந்து வரும். ஓர் அண்ணன் சற்றும் தயங்காமல், “உங்கள் பன்னிரண்டாம் எண். அவன் ஸ்கிரீன் போட்டால் எங்கள் கார்டுக்கு அன்றைக்கு முழுவதும் தோள் வலிக்கும்” என்றார் (ஸ்கிரீன் என்பது, சக வீரருக்கு வழி கிடைக்க எதிராளியின் பாதையை உடலால் மறித்து நிற்பது). ஐந்து ஞாயிறுகளில் புரட்டிய எந்தத் தாளிலும் இது இல்லை.

அதே அமெரிக்கத் தேசியப் போட்டியின் 2016ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தை இதற்காகவே நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வட கரோலினா 74-74 என்று சமன் செய்தபோது மீதமிருந்தது 4.7 நொடி. வில்லனோவாவின் ரயன் ஆர்ச்சிடியாகனோ பந்தைக் கொண்டுவந்து பின்னால் வந்த கிரிஸ் ஜென்கின்ஸிடம் தந்தார். ஜென்கின்ஸ் எறிந்த மூன்று புள்ளியில் கோப்பை கைக்கு வந்தது. கணக்கில் ஜென்கின்ஸுக்கு மூன்று புள்ளி, ஆர்ச்சிடியாகனோவுக்கு ஓர் அசிஸ்ட். ஆனால் அந்த ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன், வில்லனோவாவின் உயரமான சென்டர் டேனியல் ஒச்செஃபு, தரை துடைக்கும் கட்டையைத் தானே வாங்கி, தான் ஸ்கிரீன் போடப்போகும் இடத்தின் ஈரத்தைத் துடைத்தார். பிறகு அதே இடத்தில் நின்று ஸ்கிரீன் போட்டார். எந்த அட்டவணையிலும் அதற்குக் கட்டம் கிடையாது. உங்கள் அணியிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகவே இந்த வாதத்தை நடத்தலாம்.

சென்னையில் இந்த வாதத்தைத் தடம்புரட்டும் விஷயம், நிறுவனங்கள் தங்கள் அணிக்காக வீரர்களுக்குத் தரும் வேலை. “அவருக்கு இந்தியன் வங்கியில் இடம் கிடைத்தது, இவரை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது, இதைவிட என்ன சான்று வேண்டும்?” என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். வேலைக்கு எடுப்பவர்கள் வருங்காலத்தையும் உயரத்தையும் அந்த ஆண்டில் தங்கள் அணியில் காலியாக உள்ள இடத்தையும் பார்க்கிறார்கள். நாம் கேட்பதோ கல்லூரி நாட்களைப் பற்றி. 2018இல் அதே வில்லனோவா அணியிலிருந்து நால்வரை, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுத்தன. மிகல் பிரிட்ஜஸ் 10ஆவதாகவும் டிவின்சென்ஸோ 17ஆவதாகவும் போனார்கள். நாட்டின் சிறந்த கல்லூரி வீரரான பிரன்சன் 33ஆவது, அதாவது அந்த நால்வரில் கடைசி. அவருடைய கல்லூரி ஆட்டத்தை அந்த வரிசையை வைத்து அளந்தால் எவ்வளவு பெரிய தவறாக இருந்திருக்கும்!

மகளிர் அணிக்கும் இதே உழைப்போடு தனிப் பட்டியல் போடுங்கள், அவர்களோடு ஆடியவர்களை அழைத்து உட்காரவைத்துப் போடுங்கள். ஆண்கள் பட்டியலை முடித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு பெயரைச் சேர்ப்பது மரியாதையல்ல.

உட்கார்ந்து பேசும் நாளுக்கு எங்களுக்குப் பயன்பட்ட விதி ஒன்றுதான்: முதல் சுற்றில் யாரும் தங்கள் பேட்ச் ஆட்களுக்காகப் பேசக் கூடாது, வேறொரு பேட்ச்சிலிருந்து ஒருவருக்காக மட்டுமே வாதாட வேண்டும். அதற்கு அவர்களுடைய தாள்களைப் படித்தாக வேண்டும். படித்த பிறகு குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. பட்டியலில் வரக்கூடியவர் அறையில் இருந்தால், அவர் பெயர் வரும்போது வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரட்டும். மூன்று பெயர்களில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். மற்ற இரண்டு இடங்களுக்குத் துண்டுச் சீட்டில் எழுதி வாக்கெடுங்கள், ஏன் என்று ஒரு வரி காரணத்தோடு.

கோப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாத் தாள்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகல் தாளில் மை மங்கிக்கொண்டே போகிறது; எங்கள் பழைய தாள்களில் ஏழும் ஒன்றும் இப்போதே ஒரே மாதிரி தெரிகின்றன.