நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் சிறு மகிழ்ச்சிகளை எழுதி வைப்பது எப்படி?

தேவையானவை மூன்றே பொருள்கள்: தினசரி நாட்காட்டி, பால்பாயின்ட் பேனா, கடைகளில் பில்லைக் குத்தி வைக்கும் கம்பி. கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. எழுதுவதற்காகத் திறந்தவர் வாட்ஸ்அப்பில் போய் நிற்பார். விலையுயர்ந்த டைரியும் வேண்டாம், ஏனெனில் வழவழப்பான பக்கத்தைக் கண்டதும் அழகாக எழுத வேண்டும் என்ற கவலை வந்துவிடுகிறது. நாட்காட்டித் தாளோ எப்படியும் குப்பைக்குப் போவது. தேதியும் கிழமையும் முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். ஜெல் பேனாவின் மை அந்த மெல்லிய தாளில் ஊறிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

முதல் படி எளிது. இரவு படுக்கப் போகுமுன் அன்றைய தாளைக் கிழித்து, அன்று மனத்துக்கு இதமாக இருந்த மூன்றை அதன் பின்புறத்தில் எழுதவும். மூன்று கிடைக்காத நாளில் ஒன்று போதும்.

இரண்டாம் படியில்தான் நான் நெடுநாள் நின்றுவிட்டேன்: ஒவ்வொன்றுக்கும் அது ஏன் நேர்ந்தது என்று எழுத வேண்டும். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் மூன்று நல்ல நிகழ்வுகளை அவற்றின் காரணத்தோடு எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரையிலும் பலன் தெரிந்தது. காரணம் எதற்கு என்று தோன்றலாம். ‘கடலூர் வெள்ளிக் கடற்கரை, நல்ல காற்று’ என்று எழுதினால் மறுமாதம் படிக்கும்போது அது எந்த நாளுக்கும் பொருந்தும். மாறாக, ‘சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது கடற்காற்று திரும்பியது, மாடிக் கொடியில் கிடந்த வேட்டி மேற்குப் பக்கமாக எழும்பியது, துணி எடுக்க நான் போயிருந்ததால் கண்டேன்’ என்று எழுதினால், கடலூர் மஞ்சக்குப்பத்து மாடியில் அந்த நேரத்துக்கு நின்றால் காற்று வரும் என்பதும் சேர்ந்து தெரிகிறது. நினைவுக்காக எழுதியது, மறுநாள் எங்கே கவனிக்க வேண்டும் என்பதற்கும் வழி காட்டிவிடுகிறது.

கண்ணால் கண்டதை மட்டும் எழுதாமல், மூக்குக்கும் காதுக்கும் எட்டியவற்றையும் சேர்க்கவும். கோடையில் பண்ருட்டியிலிருந்து வரும் பேருந்தில் யாரோ மடியில் வைத்திருக்கும் பலாப்பழத்தின் மணம் புகைப்படத்தில் விழாது. புகைப்படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அருங்காட்சியகத்தில் பொருள்களை முழுமையாகப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் எழுதினார், ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை இல்லை. ஆகவே புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போனால் முழுக் கடலையும் கைப்பேசியில் அடைக்க முயலாமல், ஒரு பாறையின்மீது அலை உடைவதை மட்டும் எடுக்கலாம்.

முதல் வாரத்துக்குப் பின் தினமும் எழுத வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைத் தாள் போதும். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வொன்றில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் கிடைத்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடமையாகிவிட்டால் எதுவும் சலித்துத்தான் போகும்.

எழுதிய தாள்களைக் கம்பியில் குத்தி வைத்து, மாதம் ஒருமுறை ஏதேனும் ஒன்றை உருவி, முன்பக்கத் தேதியை மட்டும் பார்த்து அன்று என்ன நடந்தது என்று நினைவுகூர்ந்த பிறகே திருப்பிப் படிக்கவும். முயன்று மீட்ட நினைவு, வெறுமனே படித்ததைவிட நெடுநாள் தங்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இருவர் ஐயம் கேட்டிருக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறி வேலை செய்பவர், இரவுப் பணியன்று எந்தத் தேதித் தாளில் எழுதுவது என்று கேட்டார். பணிக்குக் கிளம்பிய நாளின் தாளையே வைத்துக்கொண்டு, காலையில் தூங்கப் போகுமுன் எழுதலாம். வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர், எழுத எதுவுமே இல்லாத நாளில் என்ன செய்வது என்றார். வலிந்து எதையும் எழுத வேண்டாம். வெற்றுத் தாளையே கம்பியில் குத்திவிடுங்கள்.