அம்மா நடந்தாள், பட்டை எண்ணவில்லை
பக்கவாதத்தில் அம்மாவுக்கு இடப்பக்கம் விழுந்தது. இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் வீட்டு வராந்தாவில் வலக்கையில் நாலுகால் ஊன்றுகோலோடு நடக்கிறாள். அந்தக் கையில் கட்டிய, நடையை எண்ணும் மின்னணுப் பட்டை 14 காலடிகள் என்றது. "நான் நடக்கவே இல்லையாடா?" என்றாள், முகம் வாடி.

கூடவே நடந்து நானே எண்ணினேன்: 120. அப்போதுதான் புரிந்தது. பட்டை பெரும்பாலும் கைவீச்சை வைத்தே அடிகளைக் கணக்கிடுகிறது. ஊன்றுகோல் பிடித்த கை வீசுவதில்லை. நடையும் மெதுவு.

சரி என்று பட்டையை வலது கணுக்காலில், காலுறைக்கு மேல் கட்டினேன். இடக்கால் இழுபடுவதால் அதில் கட்டவில்லை. மறுநாள் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒத்துவந்தது. இதயத்துடிப்பு மட்டும் அங்கே சரியாக வராது, அதைப் பார்ப்பதில்லை. அப்புறம் பட்டையில் இருந்த 10,000 காலடி இலக்கை அழித்து, இயன்முறை மருத்துவரைக் கேட்டு 150 வைத்தேன்.

மாலையானால் அம்மாவே காலை நீட்டுகிறாள்: "எவ்வளவு ஆச்சு, பாரு."