மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு: என் அனுபவம்

வேலூரில் மேல்தளத்தில் குடியிருக்கும் எங்களுக்கு, பகலெல்லாம் வெயிலை உள்வாங்கும் கான்கிரீட் கூரை அந்த வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்கியதால், மின்விசிறிகூட அனற்காற்றையே வீசியது. ஆகவே பங்குனியிலேயே மொட்டை மாடியைக் கழுவிக் காயவிட்டு, நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, பிடிப்புக்குச் சிறிது ஃபெவிகால் கலந்து, மாலை வேளைகளில் இரண்டு பூச்சு அடித்தோம். வெண்மை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பிவிடுவதால், கூரையின் அடிப்பக்கம் இப்போது முன்போல் சுடுவதில்லை. மேற்குச் சன்னலுக்கு மூங்கில் தட்டியை வெளிப்புறத்தில் கட்டினோம், ஏனெனில் கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பத்தை உட்புறத் திரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஈரமான வெட்டிவேர்த் தட்டி வேலூரின் வறண்ட காற்றில் நன்றாகவே குளிர்விக்கிறது. கடற்காற்றில் ஈரம் மிகுந்த சென்னைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழை சுண்ணாம்பைக் கரைத்துவிடும் என்பதால், பூச்சை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியுள்ளது.