செல்போன் கால்குலேட்டரில் ஒரு குளிர்ந்த வியாழனை எடை போடுவது எப்படி

சிவப்புக் குள்ள விண்மீனை (சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன்) சுற்றும் குளிர்ந்த வாயுக் கோள், அதாவது ‘குளிர்ந்த வியாழன்’ என்று எங்காவது படித்தால் அப்படியே கடந்துபோய்விடாதீர்கள். அது எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது, எவ்வளவு குளிர், எவ்வளவு கனம், மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடக் கணக்கு போதும். போனைப் பக்கவாட்டில் திருப்பினால் கால்குலேட்டரில் கூடுதல் பொத்தான்கள் வரும் இல்லையா, அவ்வளவுதான் தேவை.

பழகுவதற்கு ஜிஜே 849 என்ற சிவப்புக் குள்ளன் நல்ல விண்மீன். கும்ப மண்டலத்தில், சுமார் 29 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் கோளை ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து 2006-இல் அறிவித்தார்கள். நாசாவின் புறக்கோள் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்) தரவுத்தளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். அதிலிருந்து நான்கே நான்கு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோள் ஒரு சுற்று முடிக்க ஆகும் காலம் ஏறக்குறைய 1925 நாள். விண்மீனின் நிறை சூரியனில் 0.47 பங்கு. அதன் ஒளிர்வு சூரியனில் 0.029 பங்கு, அதாவது 3 சதவீதம்கூட இல்லை. நான்காவது, கோள் இழுப்பதால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் ஆடும் வேகம், வினாடிக்கு சுமார் 24 மீட்டர். மணிக்கு 86 கிலோமீட்டர் என்று மாற்றிப் பாருங்கள், நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து போகும் வேகம்! 29 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒரு விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் இம்மி நகர்வதை வைத்து இதை அளந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

முதலில் தூரம். 1925-ஐ 365.25-ஆல் வகுத்தால் 5.27 ஆண்டு. கெப்லரின் மூன்றாம் விதிப்படி இதை வர்க்கப்படுத்தி (27.8) விண்மீனின் நிறையால் பெருக்குங்கள், 13.05 வரும், அதற்குக் கன மூலம் எடுத்தால் 2.35. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 2.35 மடங்கு என்று அர்த்தம். நம் சூரிய மண்டலத்தில் வெஸ்டா சிறுகோள் சுற்றுவது கிட்டத்தட்ட இதே தூரத்தில்தான், வியாழனோ 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் இந்தக் கோள் வியாழனைவிடச் சூடாக இருக்கும் என்று தோன்றும், பலரும் சறுக்குவது இங்கேதான். தூரத்தை மட்டும் பார்த்துக் குளிரை முடிவு செய்யாதீர்கள், அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதனால் அடுத்தது வெப்பநிலை. ஒளிர்வு 0.029-க்கு வர்க்க மூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், 0.413 வரும். அதை 278-ஆல் (சூரியனிடமிருந்து பூமியின் தூரத்தில் இந்தக் கணக்கு தரும் வெப்பநிலை, கெல்வினில்) பெருக்கி, தூரத்தின் வர்க்க மூலமான 1.53-ஆல் வகுத்தால் 75 கெல்வின். சுமார் மைனஸ் 198 டிகிரி செல்சியஸ்! இதே தூரத்தில் சூரியனைச் சுற்றியிருந்தால் 181 கெல்வின் வந்திருக்கும். இதே முறையில் வியாழனுக்குப் போட்டால் 122 வருகிறது, ஆக பாதிக்கும் குறைவான தூரத்தில் இருந்தும் இந்தக் கோள் வியாழனைவிடக் குளிர்ந்தது. ஒன்றை மறக்காதீர்கள்: இது விழும் ஒளி முழுவதையும் கோள் உறிஞ்சிக்கொள்வதாக வைத்துப் போட்ட கணக்கு. மேகம் ஒளியைத் திருப்பி அனுப்பினால் இன்னும் குறையும். வியாழன் தான் வாங்குவதைவிட அதிக வெப்பத்தை வெளியிடுகிறது, அதுபோல இதற்குள்ளும் பழைய சூடு மிச்சமிருந்தால் கூடும்.

சரி, இப்போது நிறை. வியாழன் அளவு கோள் ஒன்று சூரியனை ஓராண்டில் சுற்றினால் சூரியன் வினாடிக்கு 28.4 மீட்டர் வேகத்தில் ஆடும், அதோடு ஒப்பிட 24-ஐ 28.4-ஆல் வகுத்தால் 0.845. 5.27-இன் கன மூலம் 1.74. 0.47-ஐ வர்க்கப்படுத்திக் கன மூலம் எடுத்தால் 0.604. மூன்றையும் பெருக்கினால் 0.89, கிட்டத்தட்ட ஒரு வியாழன். ஆனால் இது குறைந்தபட்ச நிறைதான், ஏனென்றால் சுற்றுப்பாதை நமக்கு எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது இந்த நான்கு எண்களில் இல்லை. பாதையை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் சாய்வு 90 டிகிரி, அது 30 டிகிரி என்றால் உண்மையான நிறை இரண்டு மடங்காகிவிடும். விண்மீனுக்கு முன்னால் கோள் கடப்பதைப் பார்த்துச் சாய்வைத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். இந்தத் தூரத்தில் அப்படி நேர்க்கோட்டில் அமைய ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான், அமைந்தாலும் ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறைதான் கடக்கும். குளிர்ந்த கோள்களைத் தேடுபவர்களுக்குப் பொறுமை இவ்வளவு வேண்டியிருப்பது இதனால்தான்.

அப்புறம், தரவுத்தளத்தில் ஒரு கோள் இருக்கிறது என்பதற்காகவே நம்பிவிடாதீர்கள், விண்மீனின் சுழற்சிக் காலத்தையும் ஒருமுறை பாருங்கள். சிவப்புக் குள்ளர்களின் மேல் பெரிய கரும்புள்ளிகள் உண்டு, விண்மீன் சுழலும்போது அவை கோளின் இழுப்பு போலவே வேடம் போடும். ஜிஜே 832 என்ற இன்னொரு சிவப்புக் குள்ளனில் 36 நாளில் சுற்றும் இரண்டாவது கோள் ஒன்று இருப்பதாக 2014-இல் அறிவித்தார்கள், 2022-இல் வந்த ஆய்வு அது விண்மீனின் சுழற்சிதான் என்று காட்டியது. சுழற்சிக் காலமும் கோளின் காலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அங்கே சந்தேகம் வர வேண்டும்.

வானத்தில் பார்க்க ஆசையிருந்தால், அக்டோபர் மாலையில் கும்பத்தின் சதல்மெலிக் விண்மீனைப் பிடித்து அங்கிருந்து தெற்கே நாலேகால் டிகிரிபோல இறங்கிக் கொஞ்சம் கிழக்கே தேடுங்கள். ஜிஜே 849-இன் பொலிவெண் 10.4, வெறுங்கண்ணுக்குத் தெரியாது, இருட்டான இடத்தில் 4 அங்குலத் தொலைநோக்கியில் மங்கலான புள்ளியாகச் சிக்கும். கோள் தெரியாது. ஆனால் 75 கெல்வின் கணக்கைக் கையால் போட்ட பிறகு அந்தப் புள்ளியைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

அடுத்து நீங்களே ஜிஜே 832-இன் முதல் கோளைப் போட்டுப் பாருங்கள். காலம் சுமார் 10 ஆண்டு, விண்மீனின் நிறை 0.45, ஒளிர்வு 0.027. விடை 60 கெல்வின் பக்கத்தில் வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.